ஒரு டும்முக்குச் சொந்தக்காரர்

மாங்குளத்தில் ஏறினால் கிளிநொச்சியில் இறங்கும் வரை பழைய பாட்டுப் போடுகிற பஸ்கள் அப்போது இரண்டு ஓடின. அந்த இரண்டிலும் எங்கள் கிற்றார் மாஸ்டரோடு சேர்ந்து பயணம் செய்ய எனக்குக் கூச்சம். அவர் வாசித்த பாட்டு வந்ததோ இல்லையோ, மனிதர் வலது கைச் சுட்டுவிரலைத் தூக்கிவிடுவார். பக்கத்தில் இருப்பது அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தரா, கோழிக்கூட்டை மடியில் வைத்திருக்கிற கிழவியா என்று பார்க்கமாட்டார்.

"பொறுங்கோ, பொறுங்கோ, இப்ப வரும்."

பஸ்ஸின் முன்பாதி திரும்பிப் பார்க்கும். இரண்டாவது சரணம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் கிற்றாரின் தடித்த கம்பி ஒரேயொரு தரம் 'டும்' என்னும்.

"அது நான்" என்பார். விரலை மடக்கிக்கொண்டு யன்னலால் வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவார். கிழவிதான் பாவம், இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்கும்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன். "மாஸ்டர், சொல்லுறதுதான் சொல்லுறியள், பாட்டு முழுக்க நான்தான் கிற்றார் எண்டு சொன்னால் என்ன? ஒரு டும்முக்கு இவ்வளவு எடுப்பு எடுக்கிறியள்."

"பாட்டு முழுக்க நான்தான் பிள்ளை. இன்னும் முப்பது நாப்பது பாட்டிலயும் இருக்கிறன். ஆனா எல்லாம் வயலினுக்குள்ள அமிஞ்சு போச்சு. இது ஒண்டுதான் தனியக் கேக்குது. கேக்காததை எப்பிடி நான் எண்டு சொல்லுறது?"

'டும் மாஸ்டர்' என்ற பட்டத்தை வைத்தது நான்தான். இப்போது ஒத்துக்கொள்கிறேன். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது, இனி வழக்குப் போட மாட்டார். பகலில் முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதும், சனி ஞாயிறில் ஒரு சின்ன இசைக்குழுவில் பாடுவதுமாக நான் இருந்த காலம் அது. போர் முடிந்து மீள்குடியேறி இரண்டு மூன்று வருடம். கலியாணம், கோயில் திருவிழா, கடைத் திறப்பு என்று சனத்துக்குப் பாட்டுக் கேட்கிற ஆசை திரும்பி வந்திருந்தது. கீபோட் வாசிக்கிற தம்பிதான் எங்கள் குழுவுக்குத் தலைவர். ஒக்டபாட் என்கிற மின்தாளப் பெட்டிக்கு ஒருவர், கிற்றாருக்கு மாஸ்டர், பாட நானும் இன்னொருவரும். மாஸ்டருக்கு அறுபது தாண்டியிருந்தது. எங்களில் யாருக்கும் அதில் பாதியைத் தாண்டிப் பெரிதாக இல்லை.

அவரை நாங்கள் நம்பவில்லை என்பதற்கு எங்களை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது. அந்தக் காலத்தில் வன்னியில் எல்லோருக்கும் இழந்த கதை ஒன்று இருந்தது. இழந்தது வருடத்துக்கு வருடம் வளர்ந்தும் வந்தது. இடப்பெயர்வில் என் மாமி விட்டுவிட்டு வந்த நகை முதல் வருடம் ஆறு பவுணாக இருந்தது, நான்காம் வருடம் பதினெட்டுப் பவுண். விட்டுவிட்டு வந்த குடிசைக்கு மாடி முளைத்தது. விட்டுவிட்டு வந்த கிழட்டு மாடு பத்துப் போத்தல் பால் கறந்தது. யாரும் யாரையும் மறுத்துப் பேசமாட்டோம். மறுத்தால் நாளைக்கு எங்கள் கதைக்குத் தலையாட்ட ஆள் இருக்காது. இதற்குள் மாஸ்டர் வந்து "என்னட்டை அந்த இசைத்தட்டு இருந்தது, இடப்பெயர்வில போட்டுது" என்றால் அதையும் அந்தக் கணக்கில் சேர்த்தோம். இருந்தாலும் ஒன்று. எங்கள் பொய்களெல்லாம் பெரிதாக இருந்தன. அவருடையது ஒரு டும். பொய் சொல்கிறவன் இவ்வளவு சின்னதாகச் சொல்வானா என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

ஆள் மெலிவு. சேர்ட்டை எப்போதும் தேய்த்துத்தான் போடுவார். கேட்டதைத் தவிர ஒன்றும் செய்யமாட்டார், அதுதான் அவருடைய குணம் முழுவதும். சாப்பாட்டுப் பந்தியில் "இன்னும் கொஞ்சம் போடவோ" என்று கேட்டால்தான் கறி. கேட்காவிட்டால் வெறும் சோற்றை விரலால் அளைந்துகொண்டு இருப்பார். "மாஸ்டர், வாங்கோ" என்றால் வருவார். "இருங்கோ" என்று சொல்ல மறந்தால் நின்றுகொண்டே இருப்பார்.

மாங்குளத்தில் ஒரு கலியாணம். கீபோட் தம்பி கிற்றாரில் பிடிக்கிற மூன்று கோட்ஸைச் சொல்லி, "மாப்பிளை வரும்வரைக்கும் இதை மெல்லமாச் சுத்தி வாசிச்சுக்கொண்டிருங்கோ மாஸ்டர்" என்றுவிட்டு வெளியே போனான். மாப்பிள்ளையின் வாகனம் வழியில் பஞ்சர். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிற்று. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஊர்ப்புதினம் எல்லாம் கதைத்து முடித்தோம். மூலையில் மாஸ்டர் மூன்று கோட்ஸையும் சுற்றிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை வந்து மணவறையில் இருந்து ஐயர் ஓமம் வளர்க்கத் தொடங்கிய பிறகும் சுற்றினார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "அந்தாளை ஆராவது நிப்பாட்டுங்கோ" என்றார்.

"வந்தவுடனை நிப்பாட்டியிருக்கலாமே மாஸ்டர்" என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

"நிப்பாட்டச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லையே தம்பி."

இந்தப் பழக்கம் கொழும்பில் வந்தது என்பார். பிறந்தது மலைநாட்டில் அற்றன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில். பதினைந்து வயதில் கொழும்புக்குப் போய் ஒரு பேக்கரியில் வேலை. பாட்டு ஒலிப்பதிவு நடக்கிற இடத்துக்கு பணிஸ் கொண்டுபோய்க் கொடுத்து, வாசிக்கிறவர்களைப் பார்த்துப் பழகி, கிற்றார்காரர் ஒருவர் காய்ச்சலில் வராத நாளில் அந்தக் கதிரையில் இருந்தாராம். அந்தக் காலத்தில் தனித்தனியாக வாசித்துப் பிறகு ஒட்டுவது கிடையாது. பாடகருக்கு முன்னால் ஒரு மைக். அவருக்குப் பின்னால் எல்லோரும். யாராவது ஒருவர் பிழை விட்டால் முழுப்பேரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். "அதனால சொன்னதை மட்டும் வாசிக்கவேணும் பிள்ளை. கூட ஒரு விரல் அசைஞ்சாலும் இருபது பேர் முறைப்பினம்" என்பார். இசைத்தட்டு உறையில் பாடியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் இருக்கும். மற்றவர்கள் எல்லோரும் 'குழுவினர்'.

பிறகு தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. மலைநாட்டுச் சனம் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தபோது இவரும் வந்தார். அக்கராயனில் காணி, குளத்துத் தண்ணீரில் இரண்டு போகம் நெல், கலியாணம். எங்களோடு வன்னிப் பேச்சுப் பேசுவார், மனைவியோடு மட்டும் மலைநாட்டுப் பேச்சு. அந்த அக்காவுடைய பெற்றோரும் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

அக்காதான் அவரை நம்பாதவர்களில் முதல் ஆள். நான் அக்கராயனுக்குப் போன ஒரு நாள் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொன்னார்.

"எங்கப்பாகிட்ட இவங்க சொன்னது என்னா தெரியுமா தங்கச்சி? மாப்பிள கொழும்பு பேக்கரியில பாண் போட்டவருன்னு. நா கட்டுனது பாண்காரர. கட்டி ஒரு மாசத்துல நா பாட்டுக்காரன்னு சொல்றாரு."

"நீங்கள் அந்த டும்மைக் கேக்கேல்லையோ அக்கா?"

"எங்க கேக்குறது?" என்று சைக்கிளைக் காட்டினார்.

போர்க்காலத்தில் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வருகிற மின்சாரத்தில்தான் றேடியோ பாடும். எங்கள் வீட்டிலும் அதுதான். அக்கராயனில் அக்கா சுற்றுவார், மாஸ்டர் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பார்.

"பாட்டு தொடங்குறப்ப நல்லாத்தான் சுத்துவேன். இவரு 'இப்ப வரும், இப்ப வரும்'னு வெரலத் தூக்குவாரு. இவரு மூஞ்சியப் பாக்குறதுல என் கை நின்னு போயிரும். றேடியோ செத்துரும். எத்தன வருசம்! கை வலிச்சதுதான் மிச்சம், டும்மு வந்ததே இல்ல."

"இப்ப கரண்ட் வந்திட்டுதுதானே?"

"இப்ப கேட்டேன். கேட்டா? அதுல இவரு பேரா சொல்லுது?"

மாஸ்டர் முற்றத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் அன்றைக்குத் திரும்பி வர என்னைப் பஸ்ஸுக்குக் கூட்டிவரும்போது சிரிக்கவில்லை. "ஊர் நம்பாட்டிப் போகட்டும் பிள்ளை. அவ நம்பினாக் காணும்" என்றார். எனக்கு அது மனதில் தைத்தது. தைத்ததே தவிர, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவரை 'டும் மாஸ்டர்' என்றுதான் கூப்பிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பாட்டைப் பாடிய பாடகரே வந்தார். கனடாவில் இருப்பவர். தண்ணீரூற்றுப் பக்கத்தில் தாயாருடைய ஊரில் ஒரு வாசிகசாலை கட்டிக் கொடுத்திருந்தார். பிற்பகல் திறப்பு விழா, அவர் பாடுவார், பின்னணிக்கு எங்கள் குழு. நான் மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். "வடிவாத் தெரியுமோ பிள்ளை, அவர்தானோ?" என்றார்.

அன்றைக்கு எங்கள் வான் வண்டியில் அக்காவும் வந்தார். "பாடுனவரு மூஞ்சியப் பாத்தா சொல்லிருவாருல்ல. இன்னைக்கு இந்தக் கதைக்கு ஒரு முடிவு" என்றார். மாஸ்டர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஒட்டுசுட்டானில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோதும் இறங்கவில்லை. முப்பத்தைந்து வருடம் ஒரு மனிதர் வீட்டில் சொல்லிவந்த ஒரே கதை, இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் நிற்கப்போகிறது அல்லது விழப்போகிறது.

பாடகர் கழுத்தில் சால்வையும் கையில் சுடுதண்ணீர்ப் போத்தலுமாக வந்தார். நல்ல மனிதர், எல்லோருக்கும் கை கொடுத்தார். மாஸ்டருக்கும் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். மாஸ்டர் வாயைத் திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும், கேட்டால்தானே சொல்வார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ.

"ஐயா, அந்தப் பாட்டுக்குக் கிற்றார் வாசிச்சவர் இவர்தான்."

பாடகர் திரும்பி மாஸ்டரை நன்றாகப் பார்த்தார். தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"எத்தினை பேர் வாசிச்சவை தங்கச்சி. எல்லாரும் எனக்குப் பின்னால. நான் மைக்கைப் பாத்துக்கொண்டெல்லோ நிண்டனான்."

"ஓம் ஐயா, உங்களுக்கு எங்கை ஞாபகம் இருக்கப்போகுது" என்றார் மாஸ்டர்.

மாஸ்டருடைய பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற அக்கா, "அப்ப சரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பையைக் கதிரையில் வைத்துவிட்டுப் பந்தலுக்குப் போய்விட்டார். கீபோட் தம்பியும் ஒக்டபாட்காரரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். என் நாக்கை அறுத்தால் என்ன என்று இருந்தது எனக்கு.

போதாததற்கு ஒத்திகையில் தம்பி, "மாஸ்டர், ரெண்டாஞ் சரணத்துக்கு முன்னால அந்த டும் வேண்டாம். ஒக்டபாட்டில ஒரு உருட்டு உருட்டி எடுப்பம். இப்பத்தைய சனத்துக்கு அதுதான் எடுபடும்" என்றான்.

"சரி தம்பி."

பாடகர் தொண்டையைப் பாதுகாக்க வேண்டுமென்று பல்லவியை மட்டும் முணுமுணுத்துவிட்டு ஒத்திகையை முடித்துக்கொண்டார்.

நாடா வெட்டி, பேச்சுகள் முடிந்து பாட்டுத் தொடங்கும்போது நாலு மணி இருக்கும். பந்தல் நிறைந்த சனம். அக்கராயனிலிருந்தும் ஒரு உழவு இயந்திரப் பெட்டி நிறைய வந்திருந்தார்கள். பல்லவி போயிற்று, முதல் சரணம் போயிற்று, கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. இடையிசை முடிந்து ஒக்டபாட்காரர் உருட்டோ உருட்டென்று உருட்டி நிறுத்தினார். பாடகர் வாயைத் திறந்தார். பாட்டு வரவில்லை. எங்கே நுழைவது என்று தெரியாமல் திறந்த வாயோடு நின்றார்.

இடையிசையை இன்னொரு தரம் சுற்றினோம். மறுபடியும் உருட்டல். மறுபடியும் மனிதர் கால் ஒன்றை முன்னால் வைத்துப் பின்னால் எடுத்தார், இரண்டு பேர் சுற்றுகிற கயிற்றுக்குள் பாய நேரம் பார்க்கிற சின்னப் பிள்ளையைப் போல. முன்வரிசையில் பேச்சு எழும்பியது. நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் கீபோட் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'சொல்லு, சொன்னால் அடிக்கிறேன்' என்று அந்தக் கண் கெஞ்சியது. தம்பிக்கு நிமிர நேரமில்லை, வியர்த்து வழிந்துகொண்டிருந்தான்.

மூன்றாவது சுற்று. யாரும் கேட்கவில்லை. மாஸ்டர் அடித்தார்.

டும்.

பாடகர் டக்கென்று உள்ளே வந்தார். ஒரு இமைப்பொழுது முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. இசைத்தட்டில் வருகிற அதே இடம்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த டும் பாட்டுக்கு அலங்காரம் இல்லை. பாடகருக்கு அந்த இடத்தில் தாளம் பிடிபடாது, அன்றைக்கும் பிடிபட்டிருக்காது. பின்னால் இருந்தவர் ஒருவர் 'இப்ப போங்கோ' என்று கம்பியால் சொன்னதுதான் அந்த டும். ஊரெல்லாம், பஸ்ஸெல்லாம், வீடெல்லாம் "அது நான்" என்று சொல்லித் திரிந்த மனிதர், அது எதற்கு என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு வசனம் கூடச் சொல்லியிருந்தால் நாங்கள் எல்லோரும் நம்பியிருப்போம்.

பாட்டு முடிந்தது. சனம் கை தட்டியது. பாடகருக்கு முகம் சிவந்திருந்தது. மைக்கைப் பிடித்துச் சிரித்தார். "என்னிலை பிழை இல்லை, கண்டியளோ! கிற்றார் அண்ணர் ரெண்டு தரம் நித்திரையாப் போனார். அந்த அடி விழாட்டி எனக்குப் பாட்டு வராது" என்றார். பந்தல் முழுவதும் சிரித்தது. "டும் மாஸ்டர் டும்மை மறந்திட்டாரடா" என்று அக்கராயன் பக்கத்திலிருந்து ஒரு குரல். மாஸ்டர் எழும்பிச் சனத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த பாட்டைச் சுருதியில் ஒரு கட்டை கூட்டித் தொடங்கிவிட்டேன்.

எல்லாம் முடிந்து நான் மைக் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பாடகர் தனியே மேடைக்குப் பின்னால் வந்தார். மாஸ்டர் கிற்றாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீர்தானோ?" என்றார் பாடகர்.

"ஓம் ஐயா."

"ஆருக்கும் சொன்னனீரோ?"

"அடிச்சது நான் எண்டு சொன்னனான் ஐயா. மற்றதைச் சொல்லேல்லை. அதை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லையே."

பாடகர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். மைக்கில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. வெட்கமாக இருந்திருக்கும். வாகனத்தில் ஏறும்வரை தலையைக் குனிந்துகொண்டுதான் போனார்.

இதை எழுதும்போது எனக்கும் ஒரு சங்கடம். பாட்டின் பெயரைச் சொன்னால் பாடகரைத் தெரிந்துவிடும். மாஸ்டரின் பெயரைச் சொன்னாலோ, அக்கராயன் ஆட்கள் பாட்டைச் சொல்லிவிடுவார்கள். மாஸ்டர் வாழ்நாள் முழுவதும் கட்டிக்காத்த பாடகரின் மானத்தை நான் போட்டு உடைக்கக்கூடாது. அதனால் நானும் மாஸ்டரின் பெயரைப் போடவில்லை. அவர் பெயரைப் போடாதவர்கள் வரிசையில் நானும் போய் நின்றுகொண்டேன்.

அதே வானில் திரும்பினோம். கீபோட் தம்பிக்குத் தன்னில் பிழை என்று தெரியும், சாரதிக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டான். றோட்டில் மாடுகள் மறித்து வான் நின்றது. அப்போது அக்கா மெல்லக் கூப்பிட்டார்.

"ஏங்க."

"என்னா?"

"அது நீங்கதாங்க."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க அடிக்காம விட்டதும் அந்த மனுசனுக்குப் பாட்டே வரலியே. பாடுனவரே மைக்குல சொல்லிட்டாரே. முப்பத்தஞ்சு வருசமா நா…" முடிப்பதற்குள் கோபம் வந்துவிட்டது. "ஆனா ரெண்டு தடவையா மறப்பீங்க? இத்தன வருசமா வீட்டுல டும்மு டும்முன்னு உசிர எடுத்துட்டு, அத்தன பேரு முன்னால மறந்துட்டீங்களே!"

அக்காவின் நியாயத்தில் மாட்டுவண்டி போகிற அளவுக்கு ஓட்டை இருந்தது; இன்றைக்கு அடித்தவர்தான் இசைத்தட்டிலும் அடித்தவர் என்று அதில் வராது. எனக்கு நடந்தது தெரியும். சொல்லிவிட வேண்டுமென்று அவர் பக்கம் குனிந்தேன். மாஸ்டர் என்னை முந்திக்கொண்டார்.

"மறந்துட்டேன் புள்ள" என்றார்.

நான் அவரோடு பாடிய வருடங்களில் அந்த மனிதர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருதரம்தான். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் எந்தக் கலியாண மாப்பிள்ளையிலும் கண்டதில்லை. அக்கா அதற்குள் கைப்பையில் இருந்து தொலைபேசியை எடுத்துவிட்டார். அக்கராயனில் இருக்கிற தங்கச்சிக்கு எடுத்து, வான் முழுவதும் கேட்க, "கேளுடி, இன்னைக்கு இவரு மேடையில எவ்வளவு பெரிய பிழ விட்டாரு தெரியுமா" என்று பெருமையாகச் சொல்லத் தொடங்கினார்.